டேப் டிரைவ் வாங்கக் கையெழுத்துப் போடப்போகும் குழுவினருக்கு

மதிப்பிற்குரிய கொள்முதல் குழு உறுப்பினர்களே,

வணக்கம். பேக்கப்புக்கு டேப் டிரைவ் (காந்த நாடாவில் தரவை எழுதிப் படிக்கும் இயந்திரம்) வாங்குவது என்று முடிவுசெய்துவிட்டு, எந்த வகை வாங்குவது என்பதில் இழுபறியாக நிற்கும் எல்லாக் குழுக்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நீங்கள் நூலகத்தைச் சேர்ந்தவர்களோ, மருத்துவமனையோ, ஆய்வுக்கூடமோ, வீடியோ தொகுப்பு நிலையமோ, யாராக இருந்தாலும் உங்கள் முன் வைக்கப்படும் ஒப்பீட்டுத் தாள் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். ஒரு கார்ட்ரிட்ஜில் (டேப் அடங்கிய சிறு பெட்டி) எவ்வளவு கொள்ளும், வினாடிக்கு எவ்வளவு எழுதும், என்ன விலை. மூன்றே கட்டங்கள். எது பெரிய எண், எது சின்ன விலை என்று பார்த்து அரை மணி நேரத்தில் கூட்டத்தை முடித்துவிடலாம்.

இன்று எழுதும் டேப்பைப் பத்து வருடம் கழித்து எந்த டிரைவ் படிக்கும்? இந்தக் கேள்விக்கு அந்தத் தாளில் கட்டமே இருக்காது. பழைய டேப்புகளிலிருந்து தரவை மீட்டுத் தருவது என் தொழில். என்னிடம் வரும் டேப்புகளில் பெரும்பாலானவை கெட்டுப்போனவை அல்ல. உறை கிழியாமல், கையெழுத்து அழியாத லேபிளோடு, அலமாரியில் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தவை. படிக்க இயந்திரம் இல்லை, அவ்வளவுதான். அதனால் அந்த நான்காவது கட்டத்தைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முதலில், டேப் எதற்கு என்ற பேச்சைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். நீங்கள் ஏற்கெனவே முடிவெடுத்தவர்கள். குழுவில் யாராவது ஒருவர் 'இந்தக் காலத்தில் டேப்பா?' என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருந்தால் 2011 பிப்ரவரியைச் சொல்லுங்கள். கூகுளின் சேமிப்பு மென்பொருளில் புகுந்த ஒரு பிழையால் ஜிமெயில் பயனர்களில் ஏறத்தாழ 0.02 சதவீதம் பேரின் அஞ்சல் பெட்டி காலியாகத் தெரிந்தது. பல தரவு மையங்களில் பிரதிகள் இருந்தன. பிழை அந்தப் பிரதிகளையும் விடவில்லை. கடைசியில் டேப்பிலிருந்துதான் மீட்டார்கள். இணைப்பில் இல்லாத பிரதியை மென்பொருள் பிழையும் தொட முடியாது, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் தொட முடியாது. இதற்கு மேல் இதில் வாதம் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

டேப் நீடிக்கும், டிரைவ் நீடிக்காது. இதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் நாசாவின் லூனார் ஆர்பிட்டர். 1966, 1967 ஆண்டுகளில் நிலவைச் சுற்றிவந்து படமெடுத்த ஐந்து விண்கலங்கள். அவை அனுப்பிய படங்கள் தரையில் ஆம்பெக்ஸ் எஃப்ஆர்-900 என்ற இயந்திரத்தில் இரண்டு அங்குல அகல டேப்பில் பதிவாயின. டேப்புகள் பிழைத்துக் கிடந்தன. அவற்றைப் படிக்கும் இயந்திரங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோயின. நாசாவின் ஆவணக் காப்பாளர் நான்சி எவன்ஸ், கழித்துக்கட்டப்படவிருந்த சில எஃப்ஆர்-900 இயந்திரங்களைத் தன் சொந்த இடத்தில் பல வருடங்கள் வைத்துக் காப்பாற்றினார். அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் 2008இல் அந்தப் படங்களை மீட்ட குழுவிடம் டேப்புச் சுருள்கள் மட்டும்தான் மிஞ்சியிருக்கும். நிலவின் விளிம்புக்கு மேல் பூமி தெரியும் அந்தப் புகழ்பெற்ற படத்தை மூலத் தரத்தோடு நாம் இன்று பார்க்கக் காரணம், ஒருவர் இயந்திரத்தை வீசாமல் வைத்திருந்தது. எல்லா நிறுவனத்துக்கும் ஒரு நான்சி எவன்ஸ் வாய்ப்பதில்லை.

அடுத்து, வந்து போன வடிவங்களைப் பாருங்கள். கால் அங்குலக் கார்ட்ரிட்ஜை 3எம் நிறுவனம் 1972இல் கொண்டுவந்தது. எக்ஸாபைட் 1987இல் எட்டு மில்லிமீட்டர் வீடியோ டேப்பின் இயங்குமுறையைத் தரவுக்குத் திருப்பியது. சோனியும் எச்பியும் இசைக்கான டேட் (டிஜிட்டல் ஆடியோ டேப்) வடிவத்தை எடுத்து 1989இல் டிடிஎஸ் என்று மாற்றின. சோனி 1996இல் ஏஐடியைக் கொண்டுவந்தது. கார்ட்ரிட்ஜுக்குள் ஒரு நினைவகச் சில்லு வைத்த அழகான வடிவம், எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். 2010இல் சோனியே அதை மூடிவிட்டது. பெரிய தரவு மையங்களில் கொடிகட்டிப் பறந்த ஸ்டோரேஜ்டெக்கின் டி10000 வரிசை, நிறுவனம் சன்னிடம் போய், அங்கிருந்து ஆரக்கிளிடம் போய், 2013இல் 8.5 டெராபைட் டேப்போடு நின்றுவிட்டது. அடுத்த தலைமுறை வரவில்லை.

இவற்றில் டிடிஎஸ்ஸையும், மேலே சொல்லாமல் விட்ட டிஎல்டி என்ற வடிவத்தையும் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இரண்டும் இரண்டு விதமான பாடம்.

டிடிஎஸ் டிரைவுக்குள் ஒரு சிறிய உருளை சாய்வாகச் சுழலும். வாசிக்கும் தலைகள் அந்த உருளையில் இருக்கும். டேப் அதைச் சுற்றி மெதுவாக நகர, தடங்கள் குறுக்கே சரிவாக விழும். நான்கு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில் இவ்வளவு தரவை அடைக்க அது கெட்டிக்கார வழிதான். ஆனால் உருளைக்கு இருபுறமும் டேப்பை நடத்திச் செல்லும் தண்டுகள் தேய்ந்து நாளடைவில் இம்மி விலகினாலும், அந்த டிரைவ் தன் போக்கில் சற்றுக் கோணலாக எழுத ஆரம்பித்துவிடும். தான் எழுதியதைத் தானே அருமையாகப் படிக்கும். சரிபார்ப்பிலும் தேறிவிடும். இரவுதோறும் 'வெற்றி' என்று அறிக்கை வரும். டிரைவ் பழுதாகிப் புதியது வாங்கி மாட்டிய அன்றுதான், மூன்று வருட டேப்புகளில் ஒன்றைக்கூட அது படிக்கவில்லை என்று தெரியவரும். அப்படிப்பட்ட டேப்புகளை மீட்க, நல்ல டிரைவ் ஒன்றை எடுத்து அதன் சீரமைப்பை வேண்டுமென்றே கெடுத்து, பழைய கோணலுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். அலைக்காட்டியில் சமிக்ஞையைப் பார்த்துக்கொண்டே திருகைக் கால் சுற்றுத் திருப்புவது, மறுபடி படிக்க வைப்பது, மறுபடி திருப்புவது. பொறுமைக்குச் சோதனை.

டிஎல்டி கதை வேறு. டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1984இல் 94 மெகாபைட்டில் ஆரம்பித்த வரிசை அது. 1994இல் குவாண்டம் வாங்கியது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சர்வர் அறை என்றால் டிஎல்டிதான். டிஎல்டி-4 கார்ட்ரிட்ஜ் ஒன்றைக் கையில் எடுத்தால் அதில் இருப்பது 20 ஜிகாபைட்டா, 35ஆ, 40ஆ என்று பார்த்துச் சொல்ல முடியாது. எந்த டிரைவில் எழுதினார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். 7000 மாடலில் எழுதியதை 4000 மாடல் படிக்காது. லேபிளில் டிரைவ் மாடலையும் எழுதிவைத்த நிர்வாகிகளை நான் மானசீகமாகக் கும்பிடுவதுண்டு. 2006இல் 800 ஜிகாபைட் டிஎல்டி-எஸ்4 வந்தது, அதோடு சரி. குவாண்டம் 2005இலேயே செர்டன்ஸ் நிறுவனத்தை வாங்கி எதிரணியின் கூட்டமைப்பில் நுழைந்துவிட்டது. வடிவத்தின் உரிமையாளரே எதிரணிக்குப் போன பிறகு அந்த வடிவத்துக்கு என்ன எதிர்காலம்?

அந்த எதிரணிதான் எல்டிஓ. எச்பி, ஐபிஎம், சீகேட் மூன்றும் தொண்ணூறுகளின் இறுதியில் சேர்ந்து வகுத்த பொது வடிவம். ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், உரிமம் பெற்றவர் யாரும் செய்யலாம் என்று வைத்தார்கள். முதலில் அக்செலிஸ், அல்ட்ரியம் என்று இரண்டு வகை அறிவித்தார்கள். அக்செலிஸ் சந்தைக்கே வரவில்லை. அல்ட்ரியம் 2000இல் 100 ஜிகாபைட்டோடு வந்தது, இன்றும் நிற்கிறது. ஐபிஎம்மின் 3592 வரிசையை விட்டுவிட்டால், இப்போது வாங்கத் தகுந்த வேறு டேப் வடிவம் இல்லை. 3592 நல்ல இயந்திரம்தான். 2023இல் ஒரு கார்ட்ரிட்ஜில் 50 டெராபைட் வரை போயிற்று. ஆனால் டிரைவ் ஒரே இடத்திலிருந்துதான் வரும், அது ரோபோ கை வைத்த பெரிய டேப் நூலகங்களுக்கான பொருள். உங்கள் அறையில் அப்படி ஒன்று இல்லையென்றால் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

ஆக, எல்டிஓ என்பதோடு தேர்வு முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அங்கேதான் தேர்வு ஆரம்பிக்கிறது. எல்டிஓவில் எந்தத் தலைமுறை?

பழைய விதி எல்லோருக்கும் மனப்பாடம்: ஒரு டிரைவ் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும், ஒரு தலைமுறை பின்னால் வரை எழுதும். எல்டிஓ-7 வரை இது பொய்க்கவில்லை. 2017இல் எல்டிஓ-8 வந்தபோது வாசிப்புத் தலையின் தொழில்நுட்பம் மாறியது. அதோடு இரண்டு தலைமுறை என்பது ஒன்றாகச் சுருங்கியது. எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-7ஐப் படிக்கும், எல்டிஓ-6ஐப் படிக்காது. 2021இல் வந்த எல்டிஓ-9 அதேபோல் எல்டிஓ-8 வரைதான். 2025இல் வந்த எல்டிஓ-10 தன் தலைமுறை டேப்பைத் தவிர வேறு எதையும் படிக்காது. பழைய விதியை நம்பி 'அடுத்ததை வாங்கினாலும் பழையதைப் படித்துக்கொள்ளலாம்' என்று கூட்டத்தில் சொல்பவர் இன்னமும் இருக்கிறார், பெரும்பாலும் கூட்டத்திலேயே அனுபவம் அதிகமுள்ளவர் அவராகத்தான் இருப்பார்.

இதையே டேப்பின் பக்கத்திலிருந்து திருப்பிப் பாருங்கள். எல்டிஓ-5 டேப் ஒன்றை எல்டிஓ-5, 6, 7 என்று மூன்று தலைமுறை டிரைவுகள் படிக்கும். எல்டிஓ-6 டேப்பை 6, 7 என இரண்டு. எல்டிஓ-7 டேப்பை 7, 8 என இரண்டு. எல்டிஓ-8 டேப்பை 8, 9 என இரண்டு. எல்டிஓ-9 டேப்பை எல்டிஓ-9 டிரைவ் மட்டும். புதியதாகப் போகப் போக, ஒரு டேப்பைப் படிக்கத் தெரிந்த இயந்திரங்களின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது. விற்பனைத் தாளில் இந்த வரிசையை யாரும் போட மாட்டார்கள்.

என் சிபாரிசு இதிலிருந்து வருவதுதான், கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றலாம். நடுத்தர அளவுத் தரவு உள்ளவர்கள் எல்டிஓ-9 டிரைவ் வாங்குங்கள், ஆனால் நெடுநாள் வைத்திருக்க வேண்டிய தரவை எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜில் எழுதுங்கள். அந்த டிரைவ் எல்டிஓ-8இல் எழுதவும் செய்யும். ஒரு கார்ட்ரிட்ஜுக்கு 18 டெராபைட்டுக்குப் பதில் 12 கிடைக்கும். அலமாரியில் இடம் கூடும். பதிலுக்கு, இரண்டு தலைமுறை டிரைவுகளால் படிக்கப்படும் டேப் உங்கள் கையில் இருக்கும். டிரைவ் பழுதானால் எல்டிஓ-8 டிரைவ் வைத்திருக்கும் யாரிடமும் போய்ப் படித்துக்கொள்ளலாம். இன்னொரு சௌகரியமும் உண்டு. புதிய எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜை முதல்முறை டிரைவில் போட்டதும் அது அந்த டேப்பைத் தனக்கேற்ப அளந்து சரிசெய்துகொள்ளும். இது இரண்டு மணி நேரம் வரைகூட இழுக்கலாம். விஷயம் தெரியாத நிர்வாகி டிரைவ் தொங்கிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை நிறுத்துவதும் உண்டு. எல்டிஓ-8 கார்ட்ரிட்ஜில் இந்தக் காத்திருப்பு இல்லை.

வாரம் ஒருமுறை எழுதி, சில வாரங்களில் மேலெழுதிவிடும் சுழற்சி டேப்புகளுக்கு இந்தக் கவலை வேண்டாம். அவற்றுக்கு எல்டிஓ-9 கார்ட்ரிட்ஜையே போடுங்கள்.

எல்டிஓ-10 யாருக்கு என்றால், வருடத்துக்குப் பல நூறு டெராபைட் சேர்பவர்களுக்கு, அல்லது பழைய டேப் எதுவுமே இல்லாமல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு. ஏற்கெனவே எல்டிஓ-7, எல்டிஓ-8 டேப்புகள் வைத்திருப்பவர்கள் எல்டிஓ-10 வாங்கினால், பழைய டிரைவையும் ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு மாற்ற ஆளும் நேரமும் ஒதுக்க வேண்டும். அந்தச் செலவைக் கொட்டேஷனில் யாரும் சேர்க்க மாட்டார்கள்.

எம்8 என்ற ஒரு பொறியையும் சொல்லிவிடுகிறேன். எல்டிஓ-8 டிரைவில் புத்தம்புது எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜைப் போட்டு, 6 டெராபைட்டுக்குப் பதில் 9 டெராபைட்டாக வடிவமைத்துக்கொள்ள ஒரு வசதி தந்தார்கள். கேட்கும்போது இலவசம் போல இருக்கும். அப்படி எழுதிய டேப்பை எல்டிஓ-7 டிரைவ் படிக்காது. எல்டிஓ-9உம் படிக்காது. வெளியே பார்த்தால் சாதாரண எல்டிஓ-7 கார்ட்ரிட்ஜ்தான், பார்கோடு லேபிளின் கடைசி இரண்டு எழுத்து மட்டும் வேறு. டிஎல்டி காலத்துத் தலைவலி வேறு பெயரில் திரும்பி வந்தது போலத்தான். உங்களிடம் ஏற்கெனவே எம்8 டேப் இருந்தால், எல்டிஓ-8 டிரைவ் கிடைக்கும்போதே மாற்றி எழுதிவிடுங்கள்.

கொள்ளளவு பற்றி. அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள். எல்டிஓ-9 பெட்டியில் 45 டெராபைட் என்று இருக்கும். உண்மையான இடம் 18. மீதி, தரவு இரண்டரை மடங்கு சுருங்கும் என்ற அனுமானம். எல்டிஓ-5 வரை இரண்டு மடங்கு என்று கணக்குப் போட்டார்கள், எல்டிஓ-6இலிருந்து இரண்டரை மடங்காக்கிவிட்டார்கள். தரவுத்தளமும் எழுத்துக் கோப்பும் சுருங்கும். வீடியோ, ஜேபெக் படம், மருத்துவப் படிமங்களில் ஏற்கெனவே சுருக்கிய வகைகள், சாவி இல்லாமல் திறக்காதபடி குறியாக்கம் செய்த கோப்பு, இவை எதுவும் அசையாது. ஒப்பீட்டுத் தாளில் சுருக்கமற்ற எண்ணை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அதைவிட முக்கியம், கொள்ளளவு வளர்ந்த வேகத்தில் எழுதும் வேகம் வளரவில்லை. எல்டிஓ-1 டேப் ஒன்றை நிரப்ப ஒன்றரை மணி நேரம் போதும். எல்டிஓ-5 டேப், 1.5 டெராபைட், வினாடிக்கு 140 மெகாபைட், ஏறத்தாழ மூன்று மணி நேரம். எல்டிஓ-9 வினாடிக்கு 400 மெகாபைட் எழுதினாலும் 18 டெராபைட்டுக்குப் பன்னிரண்டரை மணி நேரம். அரை உயர டிரைவ் (பாதி உயரமுள்ள சிறிய வகை) வாங்கினால் வேகம் 300தான், கிட்டத்தட்டப் பதினேழு மணி நேரம் ஆகும். 30 டெராபைட் எல்டிஓ-10 அதே 400 வேகத்தில் ஏறத்தாழ இருபத்தொரு மணி நேரம். இரவு முழுக்க ஓடினாலும் விடிவதற்குள் முடியாது. ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள எல்டிஓ-9 டேப், முழுவதும் நிரம்ப இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக 280 முறை ஓட வேண்டும். நீங்கள் கேட்ட ஒரே ஒரு கோப்பு மறுமுனையில் இருந்தால் டிரைவ் அங்கே ஓடிப் போய்த்தான் எடுக்கும்.

இந்த வேகத்துக்குத் தரவு ஊட்ட உங்கள் சர்வரால் முடியுமா என்பது அடுத்த கேள்வி. டேப் நின்று நின்று எழுதும் சாதனம் அல்ல. தரவு வரத் தாமதித்தால் டிரைவ் தன் வேகத்தை ஓரளவு குறைத்துப் பார்க்கும். அதற்கும் கீழே போனால் டேப்பை நிறுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி ஓடவிட்டு, விட்ட இடத்தைப் பிடிக்கும். அறையில் இருந்தால் காதிலேயே கேட்கும்: சீராக வந்துகொண்டிருந்த இரைச்சல் நின்று, 'ர்ர்க்' என்று ஒரு திருப்பம், மறுபடி இரைச்சல். ஷூவுக்குப் பாலிஷ் போடுவது போல முன்னும் பின்னும் தேய்ப்பதால் ஷூஷைனிங் என்பார்கள். டேப்பும் தேயும், தலையும் தேயும், வேகமும் பாதாளத்துக்குப் போகும். ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை வலைப்பின்னல் வழியாக நேராக டேப்புக்கு அனுப்பினால் இதுதான் நடக்கும். முதலில் ஒரு எஸ்எஸ்டியில் சேர்த்துக்கொண்டு அங்கிருந்து டேப்புக்குக் கொட்டுங்கள். டிரைவுக்கான கொள்முதல் உத்தரவிலேயே அந்த எஸ்எஸ்டியையும் சேர்த்துவிடுங்கள், தனியாகக் கேட்டால் கிடைக்காது.

வடிவம் என்றால் கார்ட்ரிட்ஜ் மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். டேப்பில் பிட்டுகள் எந்த ஒழுங்கில் கிடக்கின்றன என்பதும் வடிவம்தான். டிரைவ் கிடைத்து, டேப் சுற்றி, பிட்டுகள் எல்லாம் பிழையில்லாமல் வந்த பிறகும் மாட்டிக்கொண்ட வேலைகள் உண்டு. காரணம், எழுதியது ஏதோ ஒரு பேக்கப் மென்பொருள். அதன் உரிமம் காலாவதி. அதன் பட்டியல் கோப்பு செத்துப்போன சர்வரில். எல்டிஓ-5 முதல் எல்டிஎஃப்எஸ் என்ற திறந்த கோப்பு முறைமை இருக்கிறது, 2016இல் ஐஎஸ்ஓ தரமாகவும் ஆனது. டேப்பிலேயே ஒரு சின்னப் பகுதியைப் பிரித்து அட்டவணையை அங்கே எழுதும். எந்தக் கணினியில் போட்டாலும் கோப்புகள் பட்டியலாகத் தெரியும். சின்னக் கோப்புகள் அதிகமானால் மெதுவாகும், அழித்த கோப்பின் இடம் திரும்பக் கிடைக்காது, அதெல்லாம் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் கோப்புகளை ஒரே கட்டாகச் சேர்த்து எழுதும் பழைய டார் போதும். டாரில் எழுதினால் பிளாக் அளவை (ஒரு தடவையில் எழுதும் துண்டின் அளவு) லேபிளில் குறித்துவையுங்கள். நெடுநாள் பிரதியை மட்டுமாவது இந்த இரண்டில் ஒன்றில் எழுதுங்கள். அன்றாடப் பேக்கப்புக்கு உங்களுக்குப் பிடித்த மென்பொருள் இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்டிஓ-4 முதல் டிரைவே ஏஇஎஸ்-256 முறையில் குறியாக்கம் செய்யும். தேவைதான், டேப் வெளியே போகும் பொருள் ஆயிற்றே. ஆனால் சாவி எங்கே இருக்கிறது? பேக்கப் எடுக்கப்படும் அதே சர்வரில் இருந்தால், அந்தச் சர்வர் எரிந்த அன்றே டேப்புகளும் எரிந்த மாதிரிதான். என்னிடம் வந்து திரும்பிப் போனவர்களில், என்னால் ஒன்றுமே செய்ய முடியாமல் அனுப்பியவர்கள் பெரும்பாலும் இந்த ரகம்.

விநியோகம் பற்றியும் ஒரு வார்த்தை. எல்டிஓ பொது வடிவம் என்று மேலே சொன்னேன். அந்தப் பொதுத்தன்மை இப்போது மெலிந்திருக்கிறது. டேப் தயாரித்துவந்த பலர் ஒவ்வொருவராக விலக, கடைசியில் ஃபூஜிஃபிலிமும் சோனியும்தான் மிஞ்சினார்கள். அந்த இருவருக்கும் இடையே காப்புரிமை வழக்கு நடந்தபோது எல்டிஓ-8 டேப் 2019 வாக்கில் கிடைக்கவே கிடைக்காமல் போயிற்று. டிரைவ் வாங்கிவைத்தவர்கள் அதற்கு டேப் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். திட்டமிட்ட எண்ணும் எப்போதும் வருவதில்லை. எல்டிஓ-9 முதலில் 24 டெராபைட் என்று அறிவிக்கப்பட்டு, 18ஆக வந்தது. 'அடுத்த தலைமுறை வரும்வரை காத்திருக்கலாம்' என்று குழுவில் யாராவது சொன்னால் இதை நினைவில் வையுங்கள். டிரைவோடு சேர்த்து ஒரு வருடத்துக்கான டேப்பையும் வாங்கிவிடுவது நல்லது.

எத்தனை டிரைவ் என்றும் கேட்பீர்கள். இரண்டு. ஒன்று வாங்கத்தான் பணம் இருக்கிறது என்றால், ஒரு தலைமுறை பழையதாக இரண்டு வாங்குங்கள். ஒன்றில் எழுதியதை மற்றொன்றில் படித்துப் பார்த்தால்தான் அது பேக்கப். டிடிஎஸ் அளவுக்கு எல்டிஓ கோணலாவதில்லை; தொழிற்சாலையிலேயே டேப்பில் எழுதப்பட்ட சர்வோ தடங்கள் என்ற வழிகாட்டிக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு தலை தன்னைச் சரிசெய்துகொள்ளும். இருந்தாலும் தலை தேயும், அழுக்குப் படியும். (இந்தச் சர்வோ தடங்களால் இன்னொரு விஷயம்: எல்டிஓ டேப்பைக் காந்த அழிப்பானில் வைத்து அழித்தால் அந்தத் தடங்களும் போய்விடும், கார்ட்ரிட்ஜ் அதற்கப்புறம் குப்பைதான். ஒருமுறை அழித்துவிட்டு மறுபடி பயன்படுத்தலாம் என்று நினைக்கும் தணிக்கைத் துறையினருக்குச் சொல்லிவையுங்கள்.)

பழைய டிரைவைக் கழித்துக்கட்டும்போது அதன் கேபிளையும் இணைப்பு அட்டையையும் கூடவே வைத்திருங்கள். எல்டிஓ தொடக்கத் தலைமுறைகள் பேரலல் ஸ்கஸி என்ற பழைய இணைப்பு முறையில் வந்தவை. டிரைவ் நன்றாக இருக்கும். இன்றைய கணினியில் அதைச் சொருக இடம் இருக்காது. அட்டை கிடைத்தால் அதற்கான இயக்கு மென்பொருள் இருக்காது. பழைய கணினி ஒன்றையும் சேர்த்தே மூட்டை கட்டி வைப்பதுதான் உத்தமம்.

கையாளுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. எல்டிஓ கார்ட்ரிட்ஜுக்குள் ஒரே சுருள்தான். டேப்பின் நுனியில் ஒரு சிறு உலோக ஊசி. டிரைவ் அந்த ஊசியைக் கொக்கியில் பிடித்து டேப்பை வெளியே இழுக்கும். கார்ட்ரிட்ஜ் கீழே விழுந்தால் ஓட்டில் கீறல்கூட இருக்காது, ஆனால் உள்ளே ஊசி இடம் நழுவியிருக்கலாம். பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கதவை விரலால் தள்ளிப் பாருங்கள். ஊசி நேராக, இரண்டு முனையும் கவ்வியில் உட்கார்ந்து தெரிய வேண்டும். சாய்ந்திருந்தாலோ காணவில்லை என்றாலோ அதை டிரைவில் போடாதீர்கள். கார்ட்ரிட்ஜைக் காப்பாற்றலாம், கொக்கி வளைந்த டிரைவைக் காப்பாற்றுவது சிரமம். வெளியிலிருந்து கொண்டுவந்த டேப்பை உடனே போடாமல் ஒரு நாள் அறையின் வெப்பத்துக்குப் பழக விடுங்கள். நெடுநாள் வைப்புக்கு 16 முதல் 25 டிகிரி, ஈரப்பதம் 20 முதல் 50 சதவீதம். இந்த அளவில் வைத்தால் 30 வருடம் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு. அதை நான் சந்தேகிக்கவில்லை. டிரைவுக்கு 30 வருடம் என்று ஒருவரும் சொல்வதில்லை, அதையும் கவனியுங்கள்.

அதனால் இடமாற்றம் என்பதை இப்போதே பட்ஜெட்டில் எழுதிவையுங்கள். ஏழெட்டு வருடத்துக்கு ஒருமுறை, பழைய டிரைவும் புதிய டிரைவும் ஒரே நேரத்தில் ஓடும் நாட்களில், எல்லாவற்றையும் புதிய டேப்புக்கு நகலெடுப்பது. நூறு எல்டிஓ-6 டேப் இருந்தால், ஒவ்வொன்றும் 2.5 டெராபைட், வினாடிக்கு 160 மெகாபைட். ஒரு டேப்புக்கு நாலேகால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ஒரு டிரைவை நிற்காமல் ஓட்டினாலும் படிக்க மட்டுமே கிட்டத்தட்டப் பதினெட்டு நாள். இது பயமுறுத்தும் கணக்கல்ல, செய்து முடிக்கக்கூடியதுதான். டிரைவ் சந்தையில் கிடைக்கும்போது செய்தால்.

இப்போது என் கோரிக்கை. டெண்டர் ஆவணத்தில் நான்கு வரி சேர்த்துவிடுங்கள். சுருக்கமற்ற கொள்ளளவை மட்டும் குறிப்பிட வேண்டும். முன்மொழியும் டேப்பை எந்தெந்தத் தலைமுறை டிரைவ் படிக்கும், எழுதும் என்று எழுத்தில் தர வேண்டும். அந்த டிரைவுக்கான உதிரிபாகமும் பழுதுபார்ப்பும் எந்த வருடம் வரை கிடைக்கும் என்று தேதியோடு சொல்ல வேண்டும். ஒப்படைக்கும் நாளன்று, உங்கள் தரவில் ஒரு டெராபைட்டை அவர்கள் டிரைவில் எழுதி, அந்தக் கார்ட்ரிட்ஜை வேறொரு டிரைவில், வேறொரு கணினியில் போட்டு, எல்லாக் கோப்பின் செக்சம்மும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) ஒத்துப்போவதைக் காட்ட வேண்டும். கடைசி வரிக்கு விற்பனையாளர் முகம் சுளித்தால் அடுத்த கொட்டேஷனைப் பாருங்கள்.

இப்படிக்கு,
பழைய டேப்புகளைப் படித்துக் கொடுப்பவன்